நெஞ்சுக்கு நல்லதாம்!

“நெஞ்சுக்கு நல்லதாமா, தம்பி! பேப்பரிலேயே போட்டிருக்கிறான், பார்த்தாயா?”

இப்படி என்னிடம் கேட்டவர், குடித்துவிட்டுக் குப்பைமேட்டில் புரளும் பேர்வழி அல்ல, தோழர்களே! எங்கள் ஊர்க் கிளைக் கழகத்தின் செயலாளர். விசைத்தறிக் கூடத்திலே ஃபிட்டர். வயது 48. கொடிக்கம்பம் நடுவதென்றாலும், கூட்டத்துக்குத் தட்டி கட்டுவதென்றாலும், ஊரில் ஒரு சாவு விழுந்தால் பாடை கட்டுவதென்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர். பகலெல்லாம் தறி ஓசையிலே காது அடைத்துப்போக, இரவு எட்டரை மணிக்கு வெளியே வந்ததும் ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொள்வார். ஒரு குவார்ட்டரை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். கட்டிங் என்று அதற்குப் பெயர். கூட்டாளி கிடைக்காத நாளில் முழுக் குவார்ட்டர். ஞாயிறென்றால் கணக்கு வழக்கே கிடையாது.

“அளவோடு குடித்தால் இதயக் குழாய் அடைக்காதாம். வெள்ளைக்காரன் ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்கிறான்,” என்றார். நான் சிரித்தேன். மறுத்துப் பேசவில்லை. மேடையேறினால் இரண்டு மணி நேரம் முழங்குகிறவன்தான் நான். அந்தத் தேநீர்க் கடைப் பலகையிலே வாயைத் திறக்கவில்லை!

ஆறு மாதம் சென்றது. ஒரு பொதுக்கூட்டத்து இரவு. மேடைப் பலகையை அவிழ்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சின் நடுவே கல்லைத் தூக்கி வைத்தாற்போல் இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தார். இடக்கை கனக்கிறது என்றார். மார்கழிக் குளிரிலே வியர்வை ஆறாக ஓடிற்று! சுற்றி நின்ற நாங்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில் மருத்துவர்களாகிவிட்டோம். “வாயு!” என்றோம். ஒருவர் சோடா வாங்க ஓடினார். ஒருவர் ஓமத் தண்ணீர் கேட்டு வீட்டுக் கதவைத் தட்டினார். இன்னொருவர், அன்பு இல்லாதவர் அல்லர் அவர், “ஒரு மூடி உள்ளே போனால் எல்லாம் இறங்கிவிடும்” என்று இடுப்பிலிருந்ததை எடுத்து நீட்டினார். அண்ணன் அதையும் வாங்கிக் குடித்தார். இப்படியே மூன்று மணி நேரத்தைத் தின்று தீர்த்தோம்.

மருத்துவமனையில் சேர்த்தபோது இரவு இரண்டு மணி. இதயத்துக்கு இரத்தம் ஊட்டும் பெருங்குழாய்கள் மூன்றிலே ஒன்று முழு அடைப்பு. மற்றொன்று முக்கால் அடைப்பு. ஸ்டென்ட் என்கிறார்களே, அந்தக் கம்பிவலைக் குழலை உள்ளே செலுத்தி வழியைத் திறந்தார்கள். உயிர் நின்றது. இதயத் தசையிலே ஒரு பகுதி செத்துவிட்டது, செத்தது செத்ததுதான்.

தாழ்வாரத்திலே உட்கார்ந்திருந்த அண்ணி, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “எதெதுக்கோ மேடை போட்டுப் பேசறீங்களே, இதை மட்டும் ஏன் பேச மாட்டேங்கறீங்க?”

பதில் சொல்ல என்னிடம் சொல் இல்லை, தோழர்களே! தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? ஆயினும் அன்று இல்லை. ஏன் பேசவில்லை என்பதை இன்று எழுதிவிடுகிறேன். சுவரொட்டி ஒட்டப் போகும் இரவுகளில் பசை, வாளி, ஏணி என்று எழுதும் செலவுக் கணக்கில், எழுதாமல் இன்னொன்றும் இருக்கும். பையன்களுக்குப் புரோட்டா பொட்டலமும், அதனோடு “மற்றதும்” வாங்கிக் கொடுத்தவன் நான். என் கையாலேயே கொடுத்தவன். இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்பதே என் ஊமைத்தனத்துக்குக் காரணம்.

இப்போது பேசுகிறேன். அண்ணன் ‘தம்பி’க்கு எழுதிய கடிதங்களைப் படித்து வளர்ந்தது நமது இயக்கம். இன்று ஒரு தம்பி, நாற்பதையும் ஐம்பதையும் தொட்டுவிட்ட அண்ணன்மார்களுக்கு எழுதுகிறான். பாவம், புண்ணியம், நரகம், சாபம் என்று மிரட்ட நான் வரவில்லை. அந்தக் கடை நமது கடை அல்ல. எண்ணிப் பாருங்கள் என்பது ஒன்றே நமக்குத் தெரிந்த மந்திரம். ஆகவே, “நெஞ்சுக்கு நல்லது” என்ற இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து, எங்கே பிறந்தது, யார் வளர்த்தார்கள், யார் காசு கொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்ப்போம்.

1991-ஆம் ஆண்டு, நவம்பர் 17. அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒரு புதிரை எடுத்து விளக்கிற்று. பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் கொழுப்பும் தாராளமாகத் தின்கிறார்கள், ஆயினும் அமெரிக்கரைவிட அவர்களிடையே மாரடைப்புச் சாவு குறைவு, ஏன்? செர்ழ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர், ஒயினே காரணமாகலாம் என்றார். நிகழ்ச்சி நடத்தியவர் சிவப்பு ஒயின் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். கேட்க வேண்டுமா! அமெரிக்கக் கடைகளிலே சிவப்பு ஒயின் விற்பனை குபீரென்று ஏறிற்று. ‘பிரெஞ்சுப் புதிர்’ என்று அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது.

வேடிக்கையைக் கேளுங்கள்! உலகத்துக்கெல்லாம் ஒயின் உபதேசம் போன அதே 1991-இல், சனவரி மாதத்திலேயே, பிரான்சு நாட்டுப் பாராளுமன்றத்தின் சட்டம் ஒன்று நடைமுறைக்கு எழுதப்பட்டது. மது விளம்பரத்தின் வாயைக் கட்டும் சட்டம், ‘எவான் சட்டம்’ என்று அமைச்சர் பெயரால் வழங்குவது. பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவு மேசையில் ஒயின் இருந்த நாடு அது. 14 வயதுக்குட்பட்டோருக்கு அதை நிறுத்தியதே 1956-இல்தான். ஈரல் கெட்டுச் செத்த தன் மக்களை எண்ணி எண்ணி அலுத்துப்போய்ச் சட்டம் செய்தது அந்நாடு. நமக்கு வந்து சேர்ந்ததோ, சட்டம் அல்ல, கோப்பை!

பின்னர் 1999-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டிலே லா, வால்ட் என்ற இருவர் அந்தப் புதிரைப் பிரித்துப் போட்டார்கள். பிரான்சில் மாரடைப்புச் சாவுகள் பலவற்றை வேறு காரணத்தின் பெயரில் பதிந்திருக்கிறார்கள் என்பது ஒன்று. கொழுப்பு மிகுந்த உணவுக்கு அந்நாட்டார் மாறியதே பிற்காலத்தில்தான், நோய் வந்து சேர ஆண்டுகள் பல ஆகும் என்பது மற்றொன்று. புதிரிலே பெரும்பகுதி கணக்கிலும் காலத்திலும் இருந்தது, கோப்பைக்குள் அல்ல!

சரி, பிரெஞ்சுக்காரனை விடுங்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஒயின் ஒரு கோப்பை 150 மில்லி. அதில் சாராயச் சத்து நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. ஏறத்தாழ 14 கிராம். அதையும் அவன் சாப்பாட்டோடு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பேசிப் பேசிக் குடிக்கிறான். நம் அண்ணன் வாங்கும் குவார்ட்டர் 180 மில்லி, சத்து 42.8 விழுக்காடு. பெருக்கிப் பாருங்கள்: 60 கிராம்! அந்தக் கோப்பையைப் போல நான்கு கோப்பைக்கும் மேல்! அதையும் எப்படிக் குடிக்கிறோம்? பிளாஸ்டிக் தம்ளரில், நின்றபடி, பத்து நிமிடத்தில், காலி வயிற்றில், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு. ஒரே அமர்வில் 60 கிராம் என்பதை உலக நல நிறுவனம் ‘மிகைக்குடி’ என்று வரையறுத்திருக்கிறது. அண்ணன் ‘அளவோடு’ என்று எண்ணியது, உலகம் ‘மிகை’ என்று எழுதி வைத்த அளவு! பாதியாகப் பங்கிட்ட கட்டிங் மட்டுமே இரண்டு கோப்பைக்கு மேல் வருகிறது. பீர்தானே என்பவருக்கும் ஒரு வார்த்தை: 650 மில்லிப் புட்டியிலே, ஐந்து விழுக்காடு என்றால் 25 கிராம், ‘ஸ்ட்ராங்’ என்று ஒட்டிய எட்டு விழுக்காடு என்றால் 40 கிராம்.

ஆகவே, பிரெஞ்சுப் புதிர் மெய்யாகவே இருந்தாலும் அது நமக்குப் பொருந்தாது. ஆனால் அதுவாவது மெய்யா?

இங்கேதான், அண்ணன்மார்களே, கொஞ்சம் நின்று கேளுங்கள். குடிக்காதவர், கொஞ்சம் குடிப்பவர், நிறையக் குடிப்பவர் என்று ஆட்களை மூன்றாகப் பிரித்து, யாருக்கு மாரடைப்பு அதிகம் என்று பார்த்தால், பல ஆராய்ச்சிகளில் கொஞ்சம் குடிப்பவருக்கே குறைவாக வந்தது. பொய் இல்லை, எண்ணிக்கை அப்படித்தான் வந்தது. லண்டனில் 1981-இல் மைக்கேல் மார்மட் என்பவர் எழுதியதும் அதுதான். படம் வரைந்தால் ஆங்கில ‘யூ’ எழுத்தைப் போல, இரண்டு முனையும் உயர்ந்து நடுவே தாழ்ந்து நிற்கும் கோடு. தாழ்ந்த இடத்தில் நிற்பவன் பாக்கியசாலி என்றார்கள்.

ஒரு பஞ்சாலையை எண்ணிக்கொள்ளுங்கள். ஊரிலே ஒருவர் கணக்கெடுக்கிறார். ஆலையில் வேலை செய்பவர்களில் இருமுபவர் சிலர். வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களில் இருமுபவர் பலர். உடனே முதலாளி மேடையேறுகிறார்: “பார்த்தீர்களா! ஆலைக்கு வருபவன் நுரையீரல் நன்றாயிருக்கிறது. வராதவன் நுரையீரல் கெட்டிருக்கிறது. ஆகவே பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு மருந்து!” நீங்கள் கைகொட்டிச் சிரிக்கமாட்டீர்களா? தூசியில் நெஞ்சு புண்ணாகி, இனி முடியாது என்று வெளியேறியவன்தானே ஐயா அந்த வீட்டில் உட்கார்ந்து இருமுகிறான் என்று கேட்கமாட்டீர்களா?

இதைத்தான் ஜெரால்டு ஷேப்பர் என்ற மருத்துவப் பேராசிரியர் 1988-இல் கேட்டார். பிரிட்டனின் 24 ஊர்களிலிருந்து 7,735 ஆடவர். வயது 40 முதல் 59 வரை, அதாவது நம் அண்ணன்மார்களின் வயது. அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துவந்தவர் அவர். ‘குடிக்காதவர்’ என்று கணக்கில் எழுதப்பட்டவர்களைத் துருவினார். அவர்களில் எத்தனையோ பேர் முன்னாள் குடிகாரர்கள்! நெஞ்சு வலித்ததாலும், இரத்த அழுத்தம் ஏறியதாலும், நோய்க்கு மருந்து தின்னத் தொடங்கியதாலும் குடியை விட்டவர்கள். நோயாளிகளையெல்லாம் ‘குடிக்காதவர்’ கொட்டடியில் அடைத்துவிட்டு, பாருங்கள் குடிக்காதவர் சாகிறார்கள் என்றால், அது மதுவின் புகழா? கணக்கின் கோளாறு!

இன்னொரு கோளாறும் உண்டு. மேல்நாட்டில் நாளொன்றுக்கு ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்பவன் யார்? வசதியுள்ளவன். காய்கறி தின்பவன், ஓடிப் பயிற்சி செய்பவன், புகைக்காதவன், ஆண்டுக்கொருமுறை மருத்துவரைப் பார்ப்பவன். 2022-இல் பிரிட்டனில் 3,71,463 பேரின் விவரங்களை ஆராய்ந்தபோது, இந்தக் கொஞ்சமாகக் குடிப்போர் கூட்டம் மற்ற பழக்கங்களிலெல்லாம் நல்ல கூட்டமாக இருந்தது தெரிந்தது. அந்த நல்ல பழக்கங்களைக் கணக்கில் கழித்ததும், கோப்பையின் பெருமையும் கரைந்தது. செல்வம் செய்த வேலைக்குச் சாராயம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது!

சீன நாட்டிலே 2019-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. கிழக்காசிய மக்களில் பலருக்குப் பிறவியிலேயே மது ஒவ்வாது. ஒரு வாய் உள்ளே போனால் முகம் சிவக்கும், குமட்டும். ஆகவே குடிக்கமாட்டார்கள். நோய் வந்து விட்டவர்கள் அல்லர். ஒழுக்கத்துக்கு அஞ்சி விட்டவர்களும் அல்லர். பிறப்பு போட்ட சீட்டு அப்படி. இயற்கையே நடத்திக்கொடுத்த சோதனை! ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்து பார்த்த அந்த ஆய்விலே, மரபணுவைக் கொண்டு பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமான முறையில் எண்ணியபோது தெரிந்த அந்த ‘யூ’, இந்த முறையில் எண்ணியதும் காணாமல் போயிற்று. குடி ஏற ஏற இரத்த அழுத்தம் ஏறியது, மூளைத்தாக்கு ஏறியது. நாளொன்றுக்கு 40 கிராம் கூடினால் மூளைத்தாக்கு மூன்றில் ஒரு பங்கு கூடியது. மாரடைப்பில்? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆய்வில் மாரடைப்பு தெளிவாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காக்கும், காக்கும் என்றார்களே, அந்தக் காவல்தான் காணவில்லை.

நம் மண்ணுக்கு வருவோம். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த பேராய்வு ஒன்று உண்டு. மற்ற நாட்டாரிடம் மதுவுக்குச் சிறு நன்மை இருப்பதுபோல் அதில் தோன்றியது. இந்தியா உள்ளிட்ட தெற்காசியரிடம் அதுகூடத் தோன்றவில்லை! அதே ஆய்வு சொன்ன இன்னொன்றைக் கேட்டால் நெஞ்சு பதறும். முதல் மாரடைப்பு வரும் நடுவயது, மற்ற நாடுகளில் ஏறத்தாழ 59, நமக்கு 53. ஆறு ஆண்டு முன்கூட்டியே! பெண்ணுக்கு மணம் முடிக்கும் வயதில், பையன் படிப்புக்குப் பணம் கட்டும் வயதில், கூட்டுறவுச் சங்கக் கடன் இன்னும் தீராத வயதில்! 2010-இல் நம் நாட்டுத் தொழிற்கூடங்களின் ஆடவரை வைத்துச் செய்த ஆய்வும், இந்திய ஆணின் இதயத்துக்கு மது எந்தக் காவலும் தரவில்லை, கேடே செய்வதாகத் தெரிகிறது என்றே எழுதிற்று.

“இவ்வளவு தெரிந்தும் அந்தப் பேச்சு ஏன் சாகவில்லை?” என்று கேட்பீர்கள். பேச்சுக்கும் சோறு போடுகிறவன் ஒருவன் இருக்கிறான்!

அமெரிக்க அரசின் தேசிய நல ஆய்வு நிறுவனங்கள், நாளொன்றுக்கு ஒரு கோப்பை இதயத்தைக் காக்குமா என்று கண்டறிய ஒரு சோதனையைத் தொடங்கின. ஐம்பது வயது தாண்டிய 7,800 பேர். செலவு 10 கோடி டாலர். நல்லதுதானே என்று தோன்றும். அந்தப் பத்துக் கோடியில் 6 கோடியே 70 லட்சத்துக்கு மேல் யார் தருவதாக இருந்தது? ஹைனெகன், கார்ல்ஸ்பெர்க், டியாஜியோ முதலான ஐந்து மது நிறுவனங்கள்! 2018 மார்ச் மாதம் நியூயார்க் டைம்ஸ் ஏடு குட்டை உடைத்தது. விசாரித்தபோது, அரசு அலுவலரே மறைவாக மதுக் கம்பெனிகளிடம் நன்கொடைக்குப் பேசியதும், நல்ல முடிவு வரும் வகையிலே சோதனை வகுக்கப்பட்டிருந்ததும் தெரிந்தது. புற்றுநோயும் இதயத் தளர்ச்சியும் தலைகாட்டுமளவுக்கு ஆளும் இல்லை, ஆண்டும் இல்லை! அதே ஆண்டு சூன் மாதம் அந்தச் சோதனையை இழுத்து மூடினார்கள். ஆலை முதலாளியே தூசிக்கு நற்சான்று எழுதக் காகிதம் வாங்கிக் கொடுத்த கதை!

எதிர்க்கட்சியின் வாதத்தை மறைத்துவிட்டுப் பேசுவது நம் மேடை மரபல்ல. இன்னும் அந்தக் கட்சியில் அறிஞர்கள் இருக்கிறார்கள். 2024 திசம்பரில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை, மிதமாகக் குடிப்போரிடம் இதயநோய்ச் சாவு குறைவாகக் காணப்படுகிறது என்றே எழுதிற்று. கூடவே, மார்புப் புற்று கூடுவதாகவும் எழுதிற்று. மறுபக்கம், 2022-இல் உலக இதயக் கூட்டமைப்பு, எந்த அளவு மதுவும் இதயத்துக்கு நல்லதல்ல என்றது. 2023 சனவரியில் உலக நல நிறுவனம், தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்றது. ஆக வழக்கு இன்னும் மன்றத்திலே இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். எதைப் பற்றிய வழக்கு? ஒரு கோப்பையைப் பற்றி! இரண்டாவது கோப்பைக்கு மேல் எந்தக் கட்சி அறிஞனும் வாதாட வரவில்லை. குவார்ட்டருக்கு வக்கீலே கிடையாது, அண்ணன்மார்களே!

குழாய்க்குள் என்னதான் நடக்கிறது? ஃபிட்டர் வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிது. இதயத்தின் மேல் படர்ந்திருக்கும் அந்தக் குழாய்கள், தொடக்கத்திலேயே மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலந்தான். பேனா ரீஃபிலைப் போல. நாளொன்றுக்கு லட்சம் தடவை துடிக்கும் எந்திரத்துக்கு எண்ணெய் போவது அந்த வழியாகத்தான். உள்சுவரிலே கொழுப்பு படிவது இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. நாற்பதுக்கு மேல் தடிக்கிறது. மது அதற்கு மேல் நாலா பக்கமும் வேலை செய்கிறது: இரத்த அழுத்தத்தை ஏற்றி உள்சுவரைத் தேய்க்கிறது, ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பைக் கூட்டுகிறது, தொந்தி போடவைக்கிறது, மொத்தமாகக் குடித்த இரவில் துடிப்பின் தாளத்தையே குலைக்கிறது. விடுமுறை நாட்களில் குடித்துவிட்டு இதயத் தாளம் தவறி வந்தவர்களைப் பார்த்து, ‘விடுமுறை இதயம்’ என்றே 1978-இல் பெயர் வைத்தார்கள் அமெரிக்க மருத்துவர்கள். லண்டன் அரசு ஊழியர்களைக் கால் நூற்றாண்டு பார்த்த ஆய்விலே, நெடுங்காலம் மிகுதியாகக் குடித்த ஆண்களின் இரத்தக் குழாய் விறைத்திருந்தது. படிந்த கொழுப்பு ஒருநாள் வெடிக்கும்; வெடித்த இடத்தில் இரத்தம் கட்டியாகும்; கட்டி வழியை அடைக்கும். அன்றுதான் நெஞ்சின்மேல் கல்.

“மது நல்ல கொழுப்பை உயர்த்துமே” என்று படித்தவர் ஒருவர் என்னிடம் மடக்கினார். உயர்த்தும், உண்மை. ஆனால் அந்த நல்ல கொழுப்பை மது இல்லாமலே மாத்திரையால் உயர்த்திப் பார்த்தார்கள், ஐயா. மது உயர்த்துவதைவிட மிகுதியாக உயர்ந்தது. சாவு குறையவில்லை, கூடிற்று! 2006 திசம்பரில் அந்த மருந்துச் சோதனையை அவசரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. எண் உயர்ந்தால் இதயம் பிழைக்கும் என்ற நம்பிக்கையும் அதோடு தளர்ந்தது.

நம் அண்ணனின் குழாயை அடைத்தது குவார்ட்டர் மட்டுந்தானா? இல்லை. பீடி உண்டு, இருபது ஆண்டுப் பீடி. சர்க்கரை உண்டு, இருப்பது அன்றுதான் தெரிந்தது. அப்பாவும் ஐம்பத்திரண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். மருத்துவர் இவை எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, “பீடியை யார் பற்றவைத்தது? குடிக்கும்போதுதானே அடுத்தடுத்து நான்கு?” என்று கேட்டார். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

கடையைப் பற்றி ஒரு சொல் எழுதாவிட்டால், ஓட்டையை விட்டுவிட்டு நீரை இறைத்தவன் ஆவேன். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடத்தி, தம் தோப்பின் தென்னைகள் ஐந்நூறுக்கு மேல் வெட்டிச் சாய்த்தவர் பெரியார். பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தவரும் அவரே. 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய விலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-இல் கடை திறந்தது நம் கழக ஆட்சி. 1974-க்குள் மூடியதும் அதே ஆட்சி. 1981-இல் அடுத்தவர் திறந்தார். 2003-இல் சில்லறை விற்பனையையே அரசு நிறுவனம் எடுத்துக்கொண்டது. 2016-இல் ஐந்நூறு, 2017-இல் ஐந்நூறு, 2023-இல் ஐந்நூறு என்று கடைகளை மூடினார்கள். 2023-24-இல் மது தந்த வருவாய் 45 ஆயிரம் கோடியைத் தாண்டிற்று. எல்லாக் கொடியும் அந்தக் கல்லாவின் மேல் ஒருமுறை பறந்திருக்கிறது. நம் கொடி உட்பட! மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்கிறார்கள். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல் பிணங்களை அடுக்கிப் பார்த்த நாட்டில், அந்த அச்சத்தை அலட்சியம் செய்ய நான் துணியவில்லை. கடை திறந்திருந்தபோதே அவர்கள் செத்தார்கள் என்பதையும் மறக்கவில்லை. சட்டத்தின் வழக்கைச் சட்டமன்றத்தில் பேசுவோம். இரவு எட்டரை மணிக்கு அண்ணன் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதற்குச் சட்டமன்றம் கூடும்வரை காத்திருக்க முடியாது.

உடல்வலி தீரத்தான் குடிக்கிறோம் என்பீர்கள். தெரியும். பன்னிரண்டு மணி நேரம் நின்றவனின் இடுப்பு என்ன பாடு படும் என்பது, நாற்காலியில் உட்கார்ந்து எழுதும் எனக்குக் கொஞ்சமாவது தெரியும். என் தந்தையின் கால்களைப் பிடித்துவிட்ட கைகள் இவை. வேலை நேரத்தைக் குறைக்கப் போராடுவதும் இதயத்துக்கு மருந்துதான். அது நம் வேலை. ஆனால் அந்தப் போராட்டத்துக்கு ஆள் உயிரோடு வேண்டுமே!

குறைத்தால் பயன் உண்டா என்றால், உண்டு. 2017-இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், நாளுக்கு ஆறு கோப்பைக்கு மேல் குடித்தவர்கள் பாதியாகக் குறைத்ததும் மேல் இரத்த அழுத்தம் சராசரி ஐந்தரைப் புள்ளி இறங்கியது. ஆறு கோப்பை என்பது நம் குவார்ட்டரைவிடக் கூடுதல்தான். ஆனால் ஓர் எச்சரிக்கை: நாள்தோறும் நிறையக் குடித்து, காலையில் கை நடுங்கும் நிலைக்குப் போனவர், வீராப்பாக ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. வலிப்பு வரும், சித்தம் கலங்கும், உயிரும் போகும். அரசு மருத்துவமனைக்குப் போய் மருத்துவர் கண்முன் நிறுத்த வேண்டும். அதிலே வெட்கம் என்ன? தறி பழுதானால் ஃபிட்டரைக் கூப்பிடுவதில் வெட்கப்படுகிறோமா?

அப்புறம் அந்த ‘வாயு’! நடுநெஞ்சில் பாரம், இடக்கைக்கோ தாடைக்கோ ஓடும் வலி, காரணமில்லா வியர்வை. இவை வந்தால் சோடாவும் வேண்டாம், ஓமமும் வேண்டாம், நிச்சயமாக ‘ஒரு மூடி’யும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். 2023 சூனில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் என்று 14 மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். எங்கள் மேடையிலிருந்து அந்த நிலையம் நடந்தே போகும் தூரம். அந்த இரவில் எங்களில் ஒருவனுக்கும் அது நினைவில் இல்லை.

சென்ற வாரம் மறுபடியும் சுவரொட்டி இரவு. அண்ணன் ஏணி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பையன்களிடம் பசைக்கும் புரோட்டாவுக்கும் காசு எண்ணிக் கொடுத்தேன். ஒருவன் தலையைச் சொறிந்தான். “அண்ணே... மத்தது?”

நான் பதில் சொல்லுமுன் அண்ணன் திரும்பிப் பார்த்தார். “சுக்குக் காப்பி சொல்லீட்டு வா, ஆறு பேருக்கு. எனக்குச் சக்கரை வேண்டாம்னு சொல்லு,” என்றார்.

இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்கள். விடிவதற்குள் நானூறு சுவரொட்டியும் ஒட்டியாகிவிட்டது.